தோலை முன்னால் சீவுவதா, வெந்தபின் உரிப்பதா?

பொங்கலுக்கு முந்தைய வாரம் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துச் சந்தைகளில் கிழங்கு குவிந்துவிடும். சேனை, சேம்பு, சிறுகிழங்கு, பிடிகருணை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு என்று மண் உதிராத கிழங்குகள் தரையில் பரப்பிக் கிடக்கும். படையலுக்கென்று வகைக்கு இரண்டு எடுத்துக்கொண்டு, மறுவாரமே உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் திரும்பிவிடுகிற வீடுகள் இப்போது அதிகம். ருசி பிடிக்காததால் இப்படி ஆகவில்லை. "யாரு உக்காந்து தோல் சீவுறது? கை அரிச்சா என்ன பண்றது?" என்பதுதான் காரணம்.

அந்த அலுப்பில் பாதி, எல்லாக் கிழங்கையும் ஒரே மாதிரி சீவப் பார்ப்பதால் வருவது. பீலரைக் கையில் எடுத்துக்கொண்டு பச்சையாகவே தோல் நீக்குவது உருளைக்கிழங்குக்குச் சரி. சேப்பங்கிழங்குக்கு அது வேண்டாத வேலை; மரவள்ளிக்கு அது போதாது; சிறுகிழங்குக்கோ நடக்காத காரியம். தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் என்ன இருக்கிறது என்று தெரிந்தால், முன்னால் சீவுவதா, வெந்தபின் உரிப்பதா, சுரண்டினால் போதுமா என்பது தானே விளங்கிவிடும்.

எந்தக் கிழங்கானாலும் முதல் வேலை மண்ணைப் போக்குவது. சீவிய பிறகு கழுவிக்கொள்ளலாம் என்று விட்டால், கத்தி தோலில் இருக்கும் மண்ணையும் கிருமியையும் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். கிழங்கைக் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டுவைத்து, தேங்காய் நாராலோ பழைய பிரஷ்ஷாலோ தேய்த்தால் கண்ணிலும் மடிப்பிலும் ஒட்டிய மண் வந்துவிடும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். அரிக்கும் கிழங்குகளுக்கு மட்டும் இதற்குமேல் இன்னொரு வேலை உண்டு. கழுவியதும் துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகுதான் கத்தி வைக்க வேண்டும்.

சேனை, சேம்பு, பிடிகருணை மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். இவற்றின் செல்களுக்குள் கால்சியம் ஆக்ஸலேட் என்ற உப்பு கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக, கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் கடிக்கும்போதும் அந்தச் செல்கள் உடைந்து ஊசிகள் வெளிப்பட்டுத் தோலிலும் நாக்கிலும் தொண்டையிலும் குத்துகின்றன. குத்தோடு போகாமல், கூட இருக்கும் சில புரதங்கள் அந்தத் துளைகள் வழியே இறங்கி எரிச்சலைப் பெரிதாக்குகின்றன. நாக்கு அரிக்கிறது, தொண்டை காறுகிறது என்று சொல்வதெல்லாம் இதுதான். செடி தன் கிழங்கைப் பூச்சியிடமிருந்தும் விலங்கிடமிருந்தும் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு அது.

இந்த ஊசி தண்ணீரில் கரையாது. அதனால் எத்தனை முறை கழுவினாலும் அரிப்பு போகாது. ஈரக் கையோடு வெட்டினால் சாறு விரலிடுக்கெல்லாம் பரவி நிலைமை மோசமாகும். கையில் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தடவிக்கொண்டு, உலர்ந்த கிழங்கை உலர்ந்த பலகையில் வைத்து வெட்டச் சொல்வது இதற்காகத்தான். எண்ணெய்ப் படலம் சாறு தோலில் படாமல் தடுக்கும். கையுறை இருந்தால் இன்னும் நல்லது; இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.

சேனையை முழுசாக வாங்குகிறவர்கள் குறைவு, பெரும்பாலும் கடையில் வெட்டித் தரும் துண்டுதான் வீட்டுக்கு வருகிறது. அந்தத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சீவப் பார்க்கக் கூடாது. தோல் தடிமன், மேடு பள்ளம் வேறு, பீலர் வழுக்கும். வெட்டிய பக்கம் பலகையில் பதியும்படி துண்டை நிறுத்துங்கள். பலாக்காயின் முள்தோலைச் செதுக்குவது போல, பெரிய கத்தியால் மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்குங்கள். தோல் விரற்கடை கனத்துக்குப் போனாலும் பரவாயில்லை, சிக்கனம் பார்க்க வேண்டாம். குழிகளில் கறுப்பாகத் தங்கிய தோலைக் கத்தி முனையால் தோண்டிவிட வேண்டும். பிறகு சதுரமாக நறுக்கி, இப்போதுதான் தண்ணீரில் போட்டு அலச வேண்டும்.

அடுத்தது புளி. நறுக்கிய துண்டுகளைப் புளித்தண்ணீர், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து முக்கால் பதத்துக்கு வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது நம் சமையலின் பழைய வழக்கம். புளி அத்தனை ஊசிகளையும் கரைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கரையாத ஆக்ஸலேட் அந்த அளவு புளிப்புக்கு முழுதாக மசியாது. ஆனால் ஊசியாகாமல் இருக்கும், தண்ணீரில் கரையும் ஆக்ஸலேட்டில் ஒரு பங்கு வேகவைத்த தண்ணீரோடு வெளியே போய்விடும். எரிச்சலைக் கூட்டும் புரதம் கொதிச்சூட்டில் கெட்டுவிடும். முழுதாக வெந்த சேனை காறாமல் இருப்பதும், அரைவேக்காட்டுச் சேனை வறுவல் தொண்டையைப் பிடிப்பதும் இதனால்தான். வறுவலுக்கு என்றாலும் முதலில் வேகவைத்துவிட்டு வறுப்பதே நல்லது.

ரகமும் முக்கியம். ஆந்திராவில் தேர்ந்தெடுக்கப்பட்ட கஜேந்திரா என்ற சேனை ரகம் காறல் மிகக் குறைந்தது. கடைகளில் இப்போது கிடைக்கும் சேனை முன்பு போல அரிப்பதில்லை என்று பலர் சொல்வதற்கு இப்படிப்பட்ட ரகங்கள் பரவியதும் ஒரு காரணம். கொல்லையில் தானாக முளைத்த நாட்டுச் சேனையை அதே நம்பிக்கையில் கையில் எடுக்கக் கூடாது.

பிடிகருணைக்கு வேறு பக்குவம். கைப்பிடிக்குள் அடங்கும் கிழங்கு, தோல் சுருக்கமும் முடிச்சுமாக இருக்கும். அதைப் பச்சையாகச் சீவ முயல்வது கையைப் புண்ணாக்கிக்கொள்வதற்குச் சமம். தோலோடு முழுசாக, அரிசி கழுவிய தண்ணீரும் புளியும் சேர்த்துக் குழைய வேகவைத்து, ஆறியதும் உரித்தால் தோல் தானாகக் கழன்று வரும். பறித்த கிழங்கை உடனே சமைக்காமல், காற்றாடும் இடத்தில் சில மாதம் போட்டுவைத்து, சுருங்கிய பழங்கிழங்கைத்தான் மசியலுக்கு எடுப்பார்கள் நம் பாட்டிமார். கடையில் கேட்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சென்னைப் பக்கம் சேனையையே கருணைக்கிழங்கு என்பார்கள். மசியலுக்கு வேண்டியது சின்னதான பிடிகருணை.

சேப்பங்கிழங்கும் தோலோடு வேகவேண்டியதே. ஒரே அளவுக் கிழங்காகப் பொறுக்கி எடுங்கள், இல்லாவிட்டால் பெரியது வேகும்முன் சின்னது குழைந்துவிடும். குக்கரில் ஒரு விசில், இளங்கிழங்கென்றால் அதுகூட அதிகம். கத்தி நுழைந்து, நடுவில் லேசாகத் தடுக்கும் பதத்தில் எடுத்துத் தண்ணீரை வடித்து, ஆறவிட்டு, ஒரு முனையைக் கிள்ளிப் பிதுக்கினால் கிழங்கு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கொழகொழப்பைப் பார்த்து அருவருப்படைகிறவர்கள், உரித்த கிழங்கை மூடாமல் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நறுக்கிப் பாருங்கள். மேற்பரப்பு காய்ந்து, வறுக்கும்போது ஒட்டாமல் மொறுமொறுப்பாக வரும். சேப்பங்கிழங்கை மோர்க்குழம்பில் போடுவதிலும் ஒரு நன்மை இருக்கிறது. மோரில் உள்ள கால்சியம் கரையும் ஆக்ஸலேட்டோடு சேர்ந்து, அது உடம்பில் ஏறுவதைக் குறைக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்தக் கிழங்குகளையும் பீட்ரூட்டையும் எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் கை அரித்தால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் ஊசி இன்னும் உள்ளே போகும். எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, புளிக்கரைசலாலோ எலுமிச்சைச் சாறாலோ அலசி, கடைசியில் சோப்புப் போட்டுக் கழுவினால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். கண்ணைத் தொட்டுவிடக் கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

மரவள்ளியில் அரிப்பு இல்லை; இருப்பது அதைவிடக் கவனம் வேண்டிய ஒன்று. அதன் செல்களில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதோ நசுக்கும்போதோ அது அங்கேயே இருக்கும் ஒரு நொதியோடு கலந்து ஹைட்ரஜன் சயனைடாக உடைகிறது. பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கென்று விற்கும் ரகங்களில் இந்த நஞ்சு சதையில் குறைவு, தோலில்தான் அதிகம். அதனால் மரவள்ளியைத் தோலோடு வேகவைக்கும் பேச்சே கூடாது; பச்சையாகக் கடிக்கவும் கூடாது.

சேலம், கொங்குப் பக்கம் குச்சிக்கிழங்கு என்றும், குமரி மாவட்டத்தில் மரச்சீனி என்றும், இன்னும் சில ஊர்களில் ஏழிலைக்கிழங்கு என்றும் சொல்லும் இதற்குத் தோல் இரண்டு அடுக்கு. மேலே இருப்பது நகத்தால் கீறினாலே உதிரும் பழுப்புச் சருகு. அதன்கீழே வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தடிமனான பட்டை. பீலரால் சீவுகிறவர்கள் சருகை மட்டும் எடுத்துவிட்டு, வெள்ளையாகத் தெரிகிறதே என்று பட்டையோடு சமைத்துவிடுகிறார்கள். அது தவறு. கிழங்கை நாலு விரற்கடை நீளத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். வெட்டிய முகத்தைப் பார்த்தால் பட்டைக்கும் சதைக்கும் நடுவில் ஒரு வட்டக் கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டின் ஆழத்துக்கு நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கத்தி முனையைப் பட்டையின் அடியில் நுழைத்து நெம்புங்கள். பிறகு கட்டைவிரலைக் கொடுத்துச் சுற்றிக்கொண்டே வந்தால் இரண்டு அடுக்கும் சேர்ந்து ஒரே சுருளாகக் கழன்றுவிடும். அன்று பிடுங்கிய கிழங்கில் இது அத்தனை சுலபம். கழலாமல் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் கிழங்கு பழையது என்று அர்த்தம்.

பழைய கிழங்கின் இன்னொரு அடையாளம், வெட்டிய முகத்தில் நீலமும் கறுப்புமாக ஓடும் கோடுகள். மண்ணிலிருந்து எடுத்த இரண்டு மூன்று நாளிலேயே அது வந்துவிடும், மரவள்ளி அவ்வளவு சீக்கிரம் கெடும் கிழங்கு. ஒரு மூட்டை கிடைத்தால் ஈர மணலில் புதைத்துவைப்பது கிராமத்து வழி. தோலை நீக்கிய கிழங்கைத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும்.

வேகவைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோலை எடுத்தால் மட்டும் இங்கே வேலை முடியாது. சின்னத் துண்டாக நறுக்கி, நிறையப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை மூட்டுங்கள். கொதிக்கும் தண்ணீரில் நேராகப் போட்டால் நொதி உடனே செத்துவிடும், லினமாரின் உடையாமல் தங்கும். தண்ணீர் மெல்லச் சூடேறினால் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். உண்டாகும் ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடுவது, ஆகவே மூடாத பாத்திரத்தில் வேகவைத்தால் அது நீராவியோடு பறந்துவிடும். வெந்ததும் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். அதை ரசத்துக்கோ குழம்புக்கோ எடுக்கக் கூடாது. நடுவில் ஓடும் நாரை, துண்டைப் பிளந்து எடுத்துவிடலாம். வாயில் வைத்ததும் கசக்கிற துண்டைத் துப்பிவிடுங்கள், அந்தக் கிழங்கையே ஒதுக்கிவிடுங்கள்.

குமரி மாவட்டத்து வீடுகளில் இப்படி வேகவைத்த தண்ணீரை வடிக்கும் பழக்கம் சொல்லிக்கொடுக்காமலே வருகிறது. 1949 வரை அது திருவிதாங்கூர் சமஸ்தானத்து மண். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அங்கே மரவள்ளிச் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றபோது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறாக இருந்தது இந்தக் கிழங்கு. பசியில் தினமும் ஒரே கிழங்கைச் சாப்பிட்டவர்களின் சமையல் பக்குவத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

சிறுகிழங்குக்கு வருவோம். நெல்லைச் சீமையில் பொங்கல் சமையல் இது இல்லாமல் நிறைவாகாது, மலையாளத்தில் கூர்க்கை. கட்டைவிரல் பருமன், கறுத்த மெல்லிய தோல், தோலிலேயே ஒரு தனி வாசம். ஒவ்வொன்றாகக் கத்தியால் சீவினால் கிழங்கில் பாதி தோலோடு போய்விடும், விரலெல்லாம் கறை பிடிக்கும். அரைமணி நேரம் ஊறவைத்து, மண் போகக் கழுவி, ஈரத்தோடு சாக்கில் கொட்டி, வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லில் தேய்த்தும் தட்டியும் எடுப்பார்கள். சாக்கின் சொரசொரப்பும் கிழங்கோடு கிழங்கு உரசுவதும் சேர்ந்து தோலை உரித்துவிடும். ஃபிளாட்டில் கல்லும் சாக்கும் எங்கே என்று கேட்பீர்கள். வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு, வாஷ்பேசின் தொட்டியில் தண்ணீருக்கடியில் கசக்கினாலும் இதே வேலை நடக்கும். மிஞ்சிய தோலைக் கத்தியால் சுரண்டி, கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போட்டுவையுங்கள். குக்கரில் வேகவைத்து உரிப்பது இதைவிடச் சுலபம்தான். ஆனால் பச்சையாகத் தோல் தேய்த்த கிழங்கைத் தேங்காய் எண்ணெயில் பொரியல் செய்தால் வரும் பதம் அதில் வராது. வருஷத்தில் ஒரு பருவம் கிடைப்பதற்காக அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

பனங்கிழங்கைத் தோலோடு உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, மேலே சுற்றியிருக்கும் உறையை உரித்து, இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் குருத்தை எடுத்துவிட வேண்டும். ஓரத்து நாரையும் இழுத்துவிட்டால் பல்லில் சிக்காது. யாழ்ப்பாணத்தில் பச்சைக்கிழங்கை உரித்துப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கான மாவு ஒடியலிலிருந்து வருவதுதான்.

சர்க்கரைவள்ளியையும் தோலோடுதான் வேகவைக்க வேண்டும். அவசரமாகக் குக்கரில் வைக்காமல் இட்லிப் பானையில் மெல்ல அவித்துப் பாருங்கள். கிழங்குக்குள் இருக்கும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது மிதமான சூட்டில்தான். சூடு மெல்ல ஏறினால் இனிப்பு கூடும். வண்டு துளைத்துக் கறுத்த கிழங்கு கசக்கும். அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாது, உடம்புக்கும் ஆகாது. அப்படிப்பட்டதை வாங்காமலே விட்டுவிடுங்கள்.

உருளைக்கிழங்கில் பார்க்க வேண்டியது பச்சை நிறம். வெளிச்சம் பட்ட கிழங்கின் தோலடியில் பச்சையம் உண்டாகிறது, அது கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனின் என்ற நச்சுப்பொருளும் கூடுகிறது. வேகவைப்பதால் அது அழியாது. லேசான பச்சை என்றால் அந்த இடத்தைத் தடிமனாகச் சீவி எறியலாம். முளையைக் கண்ணோடு தோண்டிவிட வேண்டும். கிழங்கே பச்சையோடிக் கிடந்தாலும் கசந்தாலும் குப்பைக்குத்தான். கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் நாள்கணக்கில் கிடக்கும் கிழங்கைவிட, சாக்கிலிருந்து எடுத்துத் தருவதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் இருட்டான, காற்றோட்டமான இடத்தில், வெங்காயத்தோடு சேர்க்காமல் வையுங்கள். மற்றபடி நல்ல கிழங்கைத் தோலோடு வேகவைத்து உரித்தால் வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து போவது குறையும். பச்சையாகச் சீவி நறுக்கினால் காற்றுப் பட்டுப் பழுப்பாகாமல் இருக்கத் தண்ணீரில் போடுவது சரி, ராத்திரியே நறுக்கிக் காலைவரை ஊறவிடுவது சரியில்லை.

பீட்ரூட்டை முழுசாக வேகவைப்பதென்றால் வால்வேரையும் ஒரு அங்குலக் காம்பையும் விட்டுவையுங்கள். வெட்டினால் நிறமெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். வெந்ததைக் குழாயடியில் காட்டிக் கையால் தேய்த்தால் தோல் வழுக்கிவிடும். இளம் கேரட்டுக்குத் தேய்த்துக் கழுவினால் போதும். முள்ளங்கியின் காரம் தோலில் அதிகம், காரம் பிடிக்காதவர்கள் சீவிக்கொள்ளலாம். இஞ்சிக்குக் கத்தி வேண்டாம். ஸ்பூன் விளிம்பால் சுரண்டினால் முண்டும் முடிச்சுமான இடத்தில்கூடத் தோல் மட்டும் வரும், சதை வீணாகாது.

சீவிய தோலை எங்கே போடுவது என்பதும் யோசிக்க வேண்டியது. மரவள்ளித் தோலைப் பச்சையாக ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். மனிதனுக்குக் கெடுதல் செய்யும் அதே நஞ்சு அவற்றையும் கொல்லும். எல்லாத் தோலையும் உரக்குழியில் சேர்க்கலாம். முளைக்குருத்து உள்ள சேனைத் துண்டையும், சேம்பின் சின்னக் கிழங்குகளையும் மண்ணிலோ பெரிய தொட்டியிலோ புதைத்தால் முளைக்கும். சேனைக்கு எட்டு ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும். மரவள்ளி கிழங்கிலிருந்து வராது, அதற்குத் தண்டுக் குச்சிதான் வேண்டும். தெரிந்த விவசாயி இருந்தால் அறுவடையின்போது இரண்டு கேட்டு வாங்கி வையுங்கள்.